அளவும் அனுபானமும்: மாயக்காளான் நுண்ணளவுக் கொள்கை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தீவகத்து வீடுகளில் ஒடியற்கூழ் காய்ச்சுவோர் மாவை எடுத்த எடுப்பிலே பானையில் இடுவதில்லை. முதலில் அதனைத் தண்ணீரில் ஊறவிடுவர். ஊறியபின் மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துக் கொட்டுவர். அதன் பின்னரே மீனும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் அவிந்துகொண்டிருக்கும் பானையில், புளியோடும் அரைத்த செத்தல்மிளகாயோடும் அந்த மாவைக் கரைத்துவிடுவர். ஏன் இவ்வளவு வேலை என்று வினவினால், கைப்புப் போகவேண்டும் என்பதே விடையாக இருக்கும். 1971 இல் பேராதனை மருத்துவபீடத்து ஆய்வாளரான எஸ். என். ஆர்சகுலரத்னவும் ஆர். ஜி. பனபொக்கேயும் அவர்தம் துணைவரும் பனங்கிழங்கு மாவை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்து, அது நச்சு விளைவுகளை உண்டாக்குவதைக் கண்டு வெளியிட்டனர். அச்செய்தியால் யாழ்ப்பாணத்திற் கூழ் காய்ச்சுவது நின்றுவிடவில்லை. பல தலைமுறையாக உண்ணப்பட்டுவரும் ஓர் உணவிற் சிறிது நஞ்சும் உண்டு என்பதும், அவ்வுணவைச் சுற்றி ஊறவிடுதல், வடித்தல், காய்ச்சுதல் என ஒரு செய்முறை வளர்ந்து நிலைபெற்றுள்ளது என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

பனையிலிருந்தே இன்னோர் எடுத்துக்காட்டும் தரலாம். பாளையிலிருந்து வடியும் சாறு சுண்ணாம்பு பூசிய முட்டியில் வீழ்ந்தாற் கருப்பநீர்; பூசாத முட்டியில் வீழ்ந்தாற் கள். மரம் ஒன்று, சாறு ஒன்று, அளவும் ஒன்று. முட்டி மாத்திரமே வேறு. ஒரு பொருளின் நன்மையும் தீமையும் அதன் அளவில் மாத்திரம் தங்கியுள்ளனவா, அன்றி அவ்வளவைச் சூழ்ந்து நிற்கும் செய்முறையிலும் மனித உறவிலும் தங்கியுள்ளனவா என்ற வினாவைத் தீவகத்து அடுப்படியே எழுப்பிவிடுகின்றது எனலாம். அண்மைக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டுவரும் ஒரு கொள்கையை மதிப்பிடுவதற்கு இவ்வினா துணைபுரியும்.

மனநிலையை மாற்றவல்ல காளான் வகைகளை, மயக்கமோ மாயக்காட்சியோ தோன்றாத அளவு சிறிதாக, கிழமைக்கு இரண்டு மூன்று முறை உட்கொண்டுவந்தால் மனச்சோர்வு நீங்கும், கவனம் கூர்மையடையும், படைப்பாற்றல் பெருகும் என்பதே அக்கொள்கை. நுண்ணளவுக் கொள்கை என இதனை வழங்கலாம். மேனாடுகளிற் பரவிய இது இன்று தமிழ் இளைஞர் நடுவிலும், குறிப்பாகப் பல்கலைக்கழக மாணவர் நடுவிலும், பேச்சுப்பொருளாகிவிட்டது. இதுபற்றித் தமிழில் நிகழும் பேச்சு பெரும்பாலும் இருவகைப்படும். போதை என்ற ஒரு சொல்லால் அதனைத் தள்ளிவிடுவோர் ஒருசாரார். சித்தர்கள் முன்னரே கண்ட மருந்து என்று அதனைத் தழுவிக்கொள்வோர் மற்றொரு சாரார். முன்னவர் பொருளை ஆராய்வதில்லை. பின்னவர் மரபை ஆராய்வதில்லை.

இக்கொள்கையின் பிறப்பு வரலாறு நோக்கத்தக்கது. 1955 இல் மெக்சிக்கோவின் ஒவாகாக்கா மலைநாட்டிலுள்ள ஹுவாவுட்லா என்னும் ஊரில், மசாடெக் இனத்துப் பெண் வைத்தியரான மரியா சபீனா நடத்திய இரவுச் சடங்கொன்றிற் கோர்டன் வாசன் என்னும் நியூயோர்க் வங்கி அலுவலர் கலந்துகொண்டு காளானை உண்டார். 1957 இல் லைஃப் சஞ்சிகையில் அவ்வனுபவத்தை அவர் எழுதவே, அது உலகறிந்த செய்தியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயனவியலாளர் அல்பேட் ஹொஃப்மன், அக்காளானின் செயலுக்குக் காரணமான சைலோசிபின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். மரியா சபீனாவின் சடங்கு நோயுற்றவர் பொருட்டு நிகழ்வது. இரவு முழுவதும் பாட்டோடும் வேண்டுதலோடும் நடப்பது. உண்பவரோடு உடனிருந்து அவரை மீட்டுக்கொண்டுவரும் ஒருவரை உடையது. வெளியார் வருமுன் கடவுளைக் காண்பதற்கென்று எவரும் காளானை உண்டதில்லை, நோய் தீரவே உண்டனர் என்று அவர் பிற்காலத்தில் வருந்திக் கூறினார். வந்தவர்களால் அவ்வூரின் அமைதி குலைந்தது; அவருடைய வீடும் எரியூட்டப்பட்டது.

2011 இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஃபடிமன் வெளியிட்ட நூலொன்றே நுண்ணளவு வழக்கத்தைப் பரவலாக்கியது. வழக்கமான அளவின் பத்திலொரு பங்கை ஒருநாள் உட்கொண்டு இருநாள் விட்டு மீண்டும் உட்கொள்ளும் முறை அவர் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றது. கலிபோர்ணியாவின் கணினித் தொழிற்றுறையில் அது விரைவாக வேரூன்றியது. மலைநாட்டிற் சடங்காக இருந்தது ஆய்வுகூடத்தில் இரசாயனமாகி, அலுவலக மேசையில் வில்லையாகிவிட்ட வரலாறு இது. முதலாவதில் நோயாளியும் வைத்தியரும் ஊரும் உள்ளனர். மூன்றாவதில் வேலையும் வேலை செய்பவரும் மாத்திரமே உள்ளனர். காலையில் உட்கொண்டு வழக்கம்போல் வேலைக்குச் செல்லலாம் என்பதே நுண்ணளவுக்குச் சொல்லப்படும் தலையாய சிறப்பு. சோர்வைத் தந்த வேலை அவ்வாறே இருக்க, அதனைத் தாங்கும் மனத்தை மாத்திரம் திருத்தியமைக்கும் வழி இது என்பதை அதன் ஆதரவாளர் குறையாகக் கருதுவதில்லை. பரீட்சைக்கு முன்னர் இதனை நாடும் மாணவனும் பாடத்திட்டத்தைப் பற்றியன்றித் தன்னைப் பற்றியே ஐயுறுகின்றான்.

சித்தர் கண்ட மருந்து என்ற கூற்றை இனி நோக்கலாம். வாசன் 1968 இல் எழுதிய நூலில் இருக்குவேதத்துச் சோமம் செந்நிறத் தொப்பியுடைய ஒருவகைக் காளானே என வாதிட்டார். அது அமனைட்டா இனத்தைச் சேர்ந்தது. அதிற் சைலோசிபின் இல்லை. அதன் நச்சுத்தன்மையும் வேறு. வேதப்பாக்களின் நிறவருணனைகளையும் உருவகங்களையும் தாவரவியற் குறிப்புகளாகக் கொண்டு அவர் தம் முடிபுக்கு வந்தார். 1971 இல் சமஸ்கிருத அறிஞர் ஜோன் புரோ அம்முடிபை மறுத்து எழுதினார். மறுப்பின் நுணுக்கங்கள் இங்கு வேண்டியதில்லை. வாசனின் வாசிப்பு முறையே கவனிக்கத்தக்கது. கவிஞன் ஒன்றை ஞாயிறு என்றும் காளை என்றும் பாடினால், அவ்வுவமைகளைச் சேர்த்துக் கூட்டி ஒரு செடியின் படத்தை வரைந்துகொள்வது அம்முறை. அதே முறை இன்று சித்தர் பாடல்களுக்கும் செலுத்தப்படுகின்றது. குதம்பைச் சித்தர் பாடும் மாங்காய்ப்பாலை யோகப் பயிற்சியில் ஊறும் அமுதத்துக்குக் குறியீடு என்றே உரைகாரர் கொண்டனர். தேங்காய்ப்பாலோடு மாங்காய்ப்பாலை எதிர்நிறுத்தும் பாட்டில், வாயால் உண்ணும் பொருள் எதனாலும் வாராதது அது என்பதே கருத்து. இத்தகைய பாட்டினுள் ஒரு போதைப்பொருளைத் தேடுவோர் பாட்டையே தலைகீழாகப் பிடித்து வாசிக்கின்றனர். பரிபாஷையிற் பேசும் நூலுக்குப் பொருள் கூறுவதற்குப் பயிற்சி வேண்டும். அகராதி மாத்திரம் போதாது. சித்தர் நூல்களிற் கஞ்சா மருந்துச்சரக்காக வருவது உண்மை. அவ்வுண்மை காளானுக்குச் சான்றாகாது.

இதனோடு தொடர்புடைய சுவையான செய்தி ஒன்று உண்டு. சைலோசிபின் மிகுந்துள்ள காளான்களுள் ஒன்றாகிய பனீயோலஸ் சயனெசென்ஸ், அறிவியலுலகில் முதன்முதல் பெயர்பெற்றது இலங்கையிலிருந்தே. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிய இலங்கைக் காளான்களை ஆராய்ந்த பார்க்லியும் புரூமும் 1871 இல் அதனை விவரித்துப் பெயரிட்டனர். நீலநிறமாவது என்பது அப்பெயரின் பொருள். அது கால்நடைச் சாணத்தில் முளைப்பது. எனவே இந்நாட்டு இடையரின் காலடியில் அது தொன்றுதொட்டே இருந்திருக்கலாம். ஆயினும் அதனை மருந்தாகவோ வழிபாட்டுப் பொருளாகவோ கொண்ட மரபொன்று இருந்தது என்பதற்கு அதனைப் பேசுவோர் எந்த ஏட்டையும் காட்டுவதில்லை. மாரி பெய்ததும் வேலியோரத்தில் முளைக்கும் உண்ணத்தகாத காளான்களுக்கு மக்கள் இட்ட பெயர் நாய்க்குடை என்பதாகும். அப்பெயரில் வணக்கம் எதுவும் தொனிக்கவில்லை.

மரபு என்ற சொல்லை மெய்யாகவே மதிப்போர் யாழ்ப்பாணத்து வைத்திய மரபை நோக்குதல் வேண்டும். ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இம்மண்ணுக்குரியவை, ஏழாலை ஐ. பொன்னையாவின் முயற்சியாற் பரராசசேகரம் அச்சேறியது. 1984 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்தமருத்துவக் கற்கையை ஆரம்பித்தது. இம்மரபு நஞ்சுக்கு அஞ்சியதன்று. நாவி, நேர்வாளம், சேராங்கொட்டை, இரசம், பாஷாணம் என்பன அதன் சரக்குகளே. உண்மையில், சிறிய அளவிற் கொடிய பொருளைக் கொடுத்து நோய் தீர்க்கும் கலை இங்கு நன்கு வளர்ந்திருந்தது. ஆகவே நுண்ணளவுக் கொள்கையினர் இம்மரபைத் தமக்குச் சார்பாகக் காட்ட விழைவதில் வியப்பில்லை. சற்று ஊன்றி நோக்குமிடத்து அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாறுகின்றது.

ஏனெனில் அம்மரபில் அளவு ஒருபோதும் தனித்து நின்றதில்லை. முதலிற் சுத்தி. நேர்வாளமாயின் பருப்பிடையேயுள்ள முளையை நீக்கவேண்டும். நாவியாயினும் சேராங்கொட்டையாயினும் ஒவ்வொன்றுக்கும் உரிய முறையிற் சுத்திசெய்தல் வேண்டும். சுத்தி செய்யாத சரக்கை எத்துணைச் சிறிதாகக் கொடுப்பினும் அது மருந்தெனப்படாது. அடுத்து அனுபானம். ஒரே மாத்திரை தேனிலே ஒரு நோய்க்கும், இஞ்சிச்சாற்றிலே இன்னொரு நோய்க்கும், வெந்நீரிலே வேறொன்றுக்கும் கொடுக்கப்படும். மருந்தின் வினையை நோய்க்கு ஏற்ப வழிப்படுத்துவது அனுபானமே. அடுத்துப் பத்தியம். இவையெல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் பரியாரியாரின் கை. நாடிபார்த்து, உடல்வாகு கேட்டு, மூன்றாம் நாள் வந்து காட்டும்படி கூறி, வந்தபோது கூட்டியோ குறைத்தோ நிறுத்தியோ விடுவது அக்கை. நுண்ணளவுக் கொள்கை இவற்றுள் அளவை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டது. அறியா இடத்தில் அறியாதவர் காய வைத்த காளானைத் தானே நிறுத்து, தானே விழுங்கி, தானே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஒருவர் சித்தமருத்துவத்தின் வழிவந்தவர் அல்லர்.

கஞ்சாவின் நிலையும் இதனையே காட்டும். இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் கஞ்சாவைத் தடைசெய்கின்றது. எனினும் சுதேச வைத்தியரின் மருந்தாக்கத் தேவைக்கு ஆயுள்வேத ஏற்பாடுகளின் கீழ் அது கிடைக்கும் வழி உண்டு. இலேகியத்திற் சேரும் அதே இலை, பாக்குநீரிணையைக் கடந்து மூட்டையாக வரும்போது தீவகக் கரைகளிற் கடற்படையினராற் கைப்பற்றப்பட்டு நாளிதழ்ச் செய்தியாகின்றது. பொருள் ஒன்றே. அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு எம்முறையிற் செல்கின்றது என்பதே வேறுபாடு.

அறிவியல் ஆய்வுகள் என்ன கூறுகின்றன? நுண்ணளவால் நன்மையடைந்தோம் என்று பலர் கூறுகின்றனர் என்பதும், அவர்கள் பொய் கூறவில்லை என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கன. ஆயின் நன்மை வந்தது காளானாலா, நன்மை வரும் என்ற எதிர்பார்ப்பாலா என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். 2021 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கெனவே அமைந்தது. பங்குபற்றிய 191 பேரும் ஏற்கெனவே நுண்ணளவை நாடியவர்கள். மருந்துள்ள வில்லைகளையும் வெற்று வில்லைகளையும் தாமே தயாரித்து, எது எதுவெனத் தாமே அறியாதவாறு கலந்து, ஒழுங்குப்படி உட்கொண்டனர். நான்கு கிழமைகளின் முடிவில் இருசாராரும் தேறியிருந்தனர். மருந்து உண்டோர்க்கும் வெற்று வில்லை உண்டோர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எதை உண்டோம் என்று அவர்கள் கருதினார்களோ அதுவே பயனைத் தீர்மானிப்பதிற் பெரும்பங்கு கொண்டது. 2022 இல் ஆர்ஜன்ரீனாவில் 34 பேரைக்கொண்டு அரைக்கிராம் உலர்காளானைச் சோதித்த ஆய்விலும், மூளையின் மின்னலைகளிற் சிறு மாற்றம் தெரிந்ததேயன்றி, நலனோ படைப்பாற்றலோ பெருகியமைக்குச் சான்று கிட்டவில்லை.

இவற்றினும் கூர்மையான செய்தி வேறொன்று. சைலோசிபினாற் பிற மருந்துகளுக்கு வசமாகாத மனச்சோர்வைக் குணப்படுத்தலாமா என்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 233 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2022 இல் வெளிவந்தது. ஒருசாராருக்கு 25 மில்லிகிராம், ஒருசாராருக்கு 10, ஒருசாராருக்கு 1 மில்லிகிராம் என ஒரேயொரு முறை மாத்திரம் கொடுக்கப்பட்டது. மூன்றாம் கிழமையில் நோய்க்கடுமையைக் குறிக்கும் அளவைப்புள்ளி 25 மில்லிகிராம் பெற்றோரிடம் 12.0 உம், 10 மில்லிகிராம் பெற்றோரிடம் 7.9 உம், 1 மில்லிகிராம் பெற்றோரிடம் 5.4 உம் குறைந்திருந்தது. ஒரு மில்லிகிராம் ஏன் கொடுக்கப்பட்டது? பயனற்ற அளவு எனக் கருதப்பட்டமையால், ஒப்பீட்டுக்காகவே கொடுக்கப்பட்டது. நுண்ணளவினர் மருந்தென்று விழுங்கும் அளவோடு ஏறத்தாழ ஒத்த ஓர் அளவை மருத்துவ ஆய்வாளர் மருந்தின்மைக்குப் பதிலாக வைத்தனர். ஒருமுறை கொடுத்ததையும் பலமுறை உண்பதையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது நேர்மையான எதிர்வாதமே. ஆயினும் சான்று காட்டும் பொறுப்பு நன்மையை உரிமைபாராட்டுவோருடையது.

பேரளவிற் கண்ட பயனையும் மிகைப்படுத்தலாகாது. அவ்வாய்வின் எல்லாப் பிரிவுகளிலும் தற்கொலை எண்ணமோ தன்னைத்தான் காயப்படுத்தலோ சிலரிடம் தோன்றியது; பன்னிரண்டாம் கிழமையளவிற் பயன் நிலைத்தவர் தொகையும் குறைந்தது. எனினும் இத்துறையில் மெய்யான எதிர்பார்ப்புக்கு இடமுண்டு. 2023 யூலை முதல் அவுஸ்திரேலியாவில் அனுமதிபெற்ற மனநோய் மருத்துவர், ஏனைய மருந்துகளுக்கு வசப்படாத மனச்சோர்வுக்குச் சைலோசிபினைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டுள்ளது. அங்கும் முன்னுரையாடல், மருந்துநாளில் ஆறேழு மணிநேரம் உடனிருப்பு, பின்னுரையாடல் என்னும் ஒழுங்கு உண்டு. மசாடெக் மலைநாட்டின் இரவுச் சடங்கிலும் யாழ்ப்பாணத்துப் பரியாரியாரின் அனுபானத்திலும் இருந்தது வேறுடையில் இங்கு மீண்டும் வந்துள்ளது என்று கூறுதல் மிகையன்று.

ஆபத்துகளுட் சில வெளிப்படை. காளானுக்குக் காளான் சைலோசிபினின் செறிவு மாறுபடுவதால், நுண்ணளவென்று நிறுத்ததே நுண்ணளவாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. வடிவால் ஒத்த நச்சுக்காளான்கள் ஈரலை அழித்து உயிரைக் கொள்வன. தமிழ்நாட்டிற் கொடைக்கானல் மலையிற் சுற்றுலா வருவோருக்குக் களவாக விற்கப்படும் காளானை வாங்குவோர், தாம் உண்பது இன்னதென்று அறிய வழியில்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சைலோசிபின் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால், விற்பவனைப் பொறுப்புக்கூறவைக்கும் வழியும் இல்லை. குடும்பத்தில் மனப்பிளவு நோயோ பித்தும் சோர்வும் மாறிவரும் நோயோ உள்ளவர்களுக்கு இது அந்நோயைக் கிளறிவிடலாம். இலிதியம் உட்கொள்வோருக்கு வலிப்பு ஏற்பட்டமை பற்றிய அறிக்கைகள் உள. மறைவான ஆபத்து ஒன்றும் உண்டு. சைலோசிபின் உடலிற் சேர்ந்ததும் இதய வால்வுகளிலுள்ள ஒருவகைச் செரொட்டோனின் ஏற்பிகளையும் தூண்டவல்லது. உடல் மெலிவதற்கென விற்கப்பட்ட பென்புளூரமின், அவ்வழியே வால்வுகளைத் தடிக்கச்செய்தமையால் 1997 இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. ஒருமுறை உண்பதில் இவ்வச்சம் பெரிதன்று. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உண்பதிலேயே அது எழுகின்றது. நுண்ணளவால் அவ்வாறு நேர்ந்ததென இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் அளவு சிறிது என்பதால் அஞ்சவேண்டியதில்லை என்னும் வாதம் இவ்விடத்திற் செல்லாது. சிறிது சிறிதாக நெடுநாள் உண்பதே இங்கு ஆபத்தின் வடிவம்.

இத்தனையும் அறிந்தபின்னும் இதனை நாடுவோரைப் பழித்தல் தகாது. அவர்களுட் பலர் களிப்பைத் தேடியவர் அல்லர். நித்திரையின்றித் தவித்தோரும் மருந்தாற் பயன்காணாதோருமே. தீவகத்தைப் பொறுத்தவரை இது தூரத்துச் செய்தியும் அன்று. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் சென்றோர் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 இலும் அதனையடுத்தும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். இன்றும் கூரையற்ற கல்வீடுகள் அங்கு நிற்கின்றன. 2006 மே மாதத்தில் அல்லைப்பிட்டியிற் குழந்தைகள் உட்படப் பலர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூல் போர் மனங்களில் விட்ட வடுக்களை ஆராய்ந்தது. அவருடைய பிற்கால எழுத்துகள் வடுவைத் தனியாள் மனத்தில் மாத்திரமன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் காண முற்பட்டன. இது நுண்ணளவுக் கொள்கைக்கு நேரெதிரான நோக்கு. ஒன்று நோயை மூளையினுள் வைக்கின்றது. மற்றது மனிதருக்கிடையே வைக்கின்றது. ஊர் கலைந்தமையால் வந்த சோர்வுக்கு, ஊர் வேண்டாத ஒரு மருந்தை நுண்ணளவினர் முன்வைக்கின்றனர்.

மனநிலை மாற்றம் தீவகத்துக்குப் புதியதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குப் படகேறி வருவோருட் காவடியெடுத்து ஆடுவோரைக் கண்டவர் அதனை அறிவர். சிறுகோயில்களில் உடுக்கொலிக்கு உருவேறி ஆடுவோரும் உளர். அவர்களும் வழக்கமான தன்னிலையைச் சிறிதுநேரம் நீங்குகின்றனர். ஒரு பொருளையும் உண்ணாமலே நீங்குகின்றனர். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. ஆடுபவரைத் தாங்கிப் பிடிப்பவர் உண்டு. விபூதி இட்டு மலையேற்றுபவர் உண்டு. உருவாடுதலின் பின்னாலுள்ள சாதியமைப்பையும், பெண்ணின் துயரத்தைப் பேய் என்று பெயரிட்டு அடித்த கொடுமைகளையும் மறந்து இதனைப் போற்றுதல் பிழையாகும். ஆயினும் மனம் எல்லை கடக்கும்போது அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதை அச்சடங்கு மறந்ததில்லை.

மீண்டும் அந்த 233 நோயாளரிடம் வரலாம். 1 மில்லிகிராம் பெற்றோரிடம் 5.4 புள்ளி குறைந்தது என்ற எண்ணை ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நோய் தானே தணிந்தமையும், புதிய மருந்து கிட்டும் என்ற நம்பிக்கையும் அதனுள் அடங்கும். ஆனால் அவர்களுக்கும் முன்னரே பலமுறை உரையாடல் நிகழ்ந்தது. மருந்துநாள் முழுவதும் பயிற்சிபெற்றவர் உடனிருந்தார். மறுநாளும் வந்து கேட்டார். பல ஆண்டுகளாக எம்மருந்தும் பயன்தராது சோர்ந்திருந்த ஒருவருடன் ஒருநாள் முழுவதும் ஒருவர் அமர்ந்திருந்ததன் பங்கு அப்புள்ளியில் எவ்வளவு என்பதை அவ்வாய்வு தனியே பிரித்து அளக்க முற்படவில்லை.

நெடுந்தீவில் மனச்சோர்வுற்று யாழ்ப்பாணத்தில் மருத்துவரைக் காணவேண்டிய ஒருவர் மாவலித்துறையிற் படகேறி, ஒரு மணிநேரத்துக்கு மேலாகக் கடலைக் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பேருந்திற் புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டி நகருக்குச் செல்கின்றார். திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்றிரவு வீடு திரும்ப இயலாது. எனவே உடன்வரும் உறவினரும் அன்றைய கூலியை இழக்கவேண்டும். வாடைக்காற்றுக் கடுமையாக வீசும் நாள்களிற் படகே ஓடுவதில்லை. முடிந்துபோன குளிகைகளை வாங்க இயலாது அவர் கரையிலே நிற்கும் நாள்கள் அவை.